பாண்டியில் வாடகை பேட்டரி வண்டி: லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்கள், அடிபட்டால் யார் பொறுப்பு?

லாஸ்பேட்டைவாசி:

அடுத்த வாரம் சேலத்திலிருந்து அண்ணன் குடும்பம் வருகிறது. ஒயிட் டவுன், செரினிட்டி பீச், ஆரோவில், முடிந்தால் கடலூர் சில்வர் பீச் வரை சுற்ற வேண்டுமாம். காரில் வந்தால் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும், அதனால் பேட்டரி வண்டி வாடகைக்கு எடுத்துக்கொள்வோம் என்று அண்ணன் முடிவு செய்துவிட்டார். அவர் பையனுக்குப் பதினைந்து வயது. "சித்தப்பா, அதுக்கு லைசென்ஸே வேண்டாமாம், எனக்குத் தனியா ஒண்ணு" என்று இப்போதே போனில் ஆரம்பித்துவிட்டான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் விசாரித்தேன். ஆதார் நகல், டெபாசிட், ஒரு தாளில் கையெழுத்து. அந்தத் தாள் முழுக்க வண்டிக்கு ஏதாவது ஆனால் நாம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதுதான். நமக்கு ஏதாவது ஆனால் என்ன என்று ஒரு வரி இல்லை. பையன் வயதைச் சொன்னேன், பரவாயில்லை என்றார்கள். ஹெல்மெட் கேட்டேன். "இதுக்கெல்லாம் போலீஸ் பிடிக்க மாட்டாங்க சார்" என்று பதில். நான் போலீசுக்குப் பயந்து கேட்கவில்லை.

லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மையா? இவன் போய் யார் மீதாவது மோதினால் யார் பதில் சொல்வது? எடுத்து ஓட்டியவர்கள், கடை வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சென்னைச்சுற்றுலா:

பொங்கல் லீவில் நாங்கள் எடுத்தோம். ஜாலியாகத்தான் இருந்தது. சத்தம் இல்லை, பெட்ரோல் இல்லை, ஒயிட் டவுன் வீதிகளுக்கு அளவெடுத்துச் செய்தது போன்ற வண்டி. ஆனால் என் கணவர் ஓட்டிய வண்டியில் பின் பிரேக் கைப்பிடி வரை வந்தும் வண்டி நிற்கவில்லை. கடைக்குப் போன் செய்தால் "முன் பிரேக்கை யூஸ் பண்ணுங்க மேடம்" என்றார்கள். திருப்பிக் கொடுக்கும்போது பார்த்தேன், அதே வண்டியைத் துடைத்து அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பாலிசி_பாண்டியன்:

ரவா தோசைக்கு நடுவில் பார்த்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. இன்சூரன்ஸ் துறையில் இருக்கிறேன், சட்டப் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

பாண்டியில் வாடகைக்குக் கிடைக்கும் பேட்டரி வண்டிகள் எல்லாம் ஒன்றல்ல. முதல் வகை, நம்பர் பிளேட்டே இல்லாதது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு விலக்கு இருக்கிறது: மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவு, அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவு, பேட்டரியைச் சேர்க்காமல் எடை 60 கிலோவுக்குள் என்றால் அது மோட்டார் வாகனமே இல்லை. மோட்டார் வாகனம் இல்லையென்றால் ஆர்.சி. இல்லை, லைசென்ஸ் இல்லை, வயது வரம்பு இல்லை, கட்டாய இன்சூரன்ஸ் இல்லை, ஹெல்மெட் பிரிவும் பொருந்தாது. கடைக்காரர் சொன்னது அந்த அளவுக்கு உண்மை. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அந்த மாடலை அரசு அங்கீகரித்த பரிசோதனை நிலையம் சோதித்துச் சான்று கொடுத்திருக்க வேண்டும். நமக்குப் பக்கத்திலேயே ஒரகடத்தில் அப்படி ஒரு நிலையம் இருக்கிறது. சான்றின் நகலைக் கேட்டுப் பாருங்கள், கடையில் என்ன முகம் காட்டுகிறார்கள் என்று தெரியும்.

இரண்டாவது வகை, பச்சை நம்பர் பிளேட் வண்டி. இது முழு மோட்டார் வாகனம். லைசென்ஸ், ஹெல்மெட், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். பிளேட்டில் எழுத்து என்ன நிறம் என்று பாருங்கள். பச்சையில் மஞ்சள் எழுத்து என்றால் வாடகைக்குப் பதிவானது. வெள்ளை எழுத்து என்றால் யாரோ சொந்த உபயோகத்துக்கு வாங்கிய வண்டியை நமக்கு வாடகைக்கு விடுகிறார்கள் என்று அர்த்தம். சொந்த உபயோக பாலிசியில் கூலிக்கோ வாடகைக்கோ விடக்கூடாது என்று நிபந்தனை இருக்கும். கிளெய்ம் வரும்போது கம்பெனி முதலில் கையை வைக்கும் இடம் அதுதான்.

உங்கள் அண்ணன் பையன் பச்சைப் பிளேட் வண்டியைத் தொடவே கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, ஆர்.சி. ஓராண்டுக்கு ரத்து.

பிளேட் இல்லாத வண்டியில் போய் யாரையாவது இடித்தால் "இது சைக்கிள்" என்று தப்பிக்க முடியாது. பொதுச்சாலையில் அஜாக்கிரதையாக எந்த வண்டி ஓட்டினாலும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு பாயும். வித்தியாசம் என்னவென்றால், நஷ்டஈடு கொடுக்க உங்கள் பின்னால் இன்சூரன்ஸ் கம்பெனி நிற்காது. சொந்தப் பணம்தான்.

லாஸ்பேட்டைவாசி:

அண்ணா, ரொம்ப நன்றி. ஒரே ஒரு சந்தேகம். மஞ்சள் எழுத்து வண்டி, இன்சூரன்ஸ் சரியாக இருக்கிறது, என் அண்ணனே ஓட்டிப் போய்த் தானாகவே விழுந்தால்?

பாலிசி_பாண்டியன்:

அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் என்பது நாம் இடித்தவருக்கு. 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பு என்பது உரிமையாளர் ஓட்டும்போது அவருக்கு. வாடகைக்கு எடுத்தவர் இரண்டு இடத்திலும் இல்லை. 2009-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. இரவல் வண்டி ஓட்டி இறந்தவரின் குடும்பம் நஷ்டஈடு கேட்டது. இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், மூன்றாம் நபர் ஆக முடியாது என்று தீர்ப்பு. ஆகவே உங்கள் அண்ணன் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பு பாலிசி இருந்தால் நல்லது. பெரிய பிரீமியம் இல்லை. நான் விற்பதற்காகச் சொல்லவில்லை, எந்தக் கம்பெனியிலும் எடுங்கள்.

சக்கரம்77:

நான் வாடகைக் கடை வைத்திருப்பவன். இழையைப் படித்தால் நாங்கள் எல்லாரும் ஆளைக் கொல்லத்தான் கடை திறந்திருக்கிறோம் போலத் தெரிகிறது.

25 கிலோமீட்டரில் போகும் வண்டியில் பெரிதாக என்ன ஆகிவிடும்? 110 சிசி ஸ்கூட்டியை அதே பையனிடம் கொடுத்தால் 70-இல் போவான். பள்ளிக்கூட வாசலில் நின்று பாருங்கள், எத்தனை பேர் அப்பா வண்டியில் மூன்று பேராக வருகிறார்கள். அதற்கு இழை போட்டீர்களா? ஹெல்மெட் விஷயம் சொல்கிறேன். ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் வாங்கி வைத்தேன். பாதிப் பேர் "அடுத்தவன் வியர்வை" என்று போடுவதில்லை, மீதிப் பேர் கடற்கரையில் மறந்துவிட்டு வருகிறார்கள். கண்ணாடியில் தொங்கவிட்டுக்கொண்டு போகிறவர்களை நான் ஓடிப்போய் மாட்டிவிட முடியுமா?

வயதும் குடியும் நான் பார்க்கிறேன். வாடை வந்தால் வண்டி கிடையாது. அவர் அடுத்த கடையில் எடுத்துக்கொண்டு என் கடை வழியாகவே கையை ஆட்டிவிட்டுப் போவார். ஒழுங்காக இருப்பவனுக்கு நஷ்டம், இதையும் எழுதுங்கள்.

வெள்ளைக்கோட்டு:

சக்கரம் அண்ணா, 25-இல் பெரிதாக ஒன்றும் ஆகாது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விபத்துப் பிரிவில் நர்ஸ் வேலை பார்ப்பவள்.

25 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏழு மீட்டர். ஒருவர் திகைத்துப் பிரேக்கைத் தேடும் நேரத்தில் வண்டி ஓர் ஆட்டோ நீளத்துக்கு மேல் போய்விடும். விழும் தலை எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பதும் வேகத்தோடு சேர்ந்துகொள்கிறது. நின்றுகொண்டிருக்கும் ஆள் வழுக்கி விழுந்தே தலைக்குள் ரத்தம் கட்டி வருகிறார்கள். வண்டியில் விழுபவர்களில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது மணிக்கட்டு, கழுத்துப்பட்டை எலும்பு, முன்பல், தாடை. கையை ஊன்றி விழுகிறார்கள், அல்லது ஊன்ற நேரமில்லாமல் முகத்தால் விழுகிறார்கள். சுற்றுலா வருபவர்கள் பெரும்பாலும் ரப்பர் செருப்பு, அரைக்கால் சட்டை. தோல் உரிந்து மணலும் தாரும் ஏறியிருக்கும். அதைத் தேய்த்துக் கழுவும்போது போடும் சத்தம் எலும்பு முறிந்தவர்கள் போடுவதை விடப் பெரிது.

இன்னொன்று, துப்பட்டாவும் புடவைத் தலைப்பும். பின் சக்கரத்துக்குச் சேலைக் கவசம் இல்லாமல் வாடகைக்கு விடும் வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். மோட்டார் சைக்கிளுக்கு அது விதியிலேயே இருக்கிறது, பிளேட் இல்லாத வண்டிகளில் சிலவற்றில் சக்கரம் அப்படியே திறந்து கிடக்கிறது. கழுத்தில் சுற்றிய துப்பட்டா அதில் மாட்டினால் 25 என்ன, 10 கிலோமீட்டரே போதும். பின்னால் ஒரு பக்கமாக உட்காரும் அம்மாக்கள் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

ஸ்பானர்_செல்வா:

முத்தியால்பேட்டையில் மெக்கானிக். வாடகைக் கடைகளின் வண்டிகளும் என்னிடம் வரும், யாருடையது என்று சொல்ல மாட்டேன், பொதுவாகச் சொல்கிறேன்.

எல்லாரும் பேட்டரி வெடிக்குமா என்றுதான் கேட்கிறார்கள். வாடகைக்கு எடுப்பவருக்கு முதல் ஆபத்து பேட்டரி இல்லை. பிரேக்கும் திருகும்தான்.

பெட்ரோல் வண்டியில் சாவி போட்டிருந்தாலும் என்ஜின் ஓடினால்தான் சத்தம் வரும், உஷாராக இருப்போம். இதில் சாவி திறந்திருந்தால் வண்டி ஊமையாகத் தயாராக நிற்கும். ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகும்போது ஆக்சிலரேட்டரைப் பிடித்துத் தள்ளுவார்கள், கை தானாக முறுக்கும், வண்டி ஆளை இழுத்துக்கொண்டு சாக்கடையில் இறங்கும். முன்னால் நிற்கும் குழந்தை முறுக்குவது அதைவிட அதிகம். இறங்கினால் முதல் வேலை சாவியை மூடுவது. பார்க்கிங் பட்டன் உள்ள வண்டி என்றால் அதை அழுத்திவிட்டுத்தான் காலை ஊன்ற வேண்டும்.

அடுத்தது பிரேக் கட்-ஆஃப். பிரேக் கைப்பிடிக்குள் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். பிரேக்கைத் தொட்டதும் அது மோட்டாருக்கு மின்சாரம் விடும் கன்ட்ரோலருக்குச் சொல்லி மோட்டாரை நிறுத்தும். பயந்துபோன ஆள் ஒரே நேரத்தில் பிரேக்கையும் அழுத்துவார், ஆக்சிலரேட்டரையும் முறுக்குவார். சுவிட்ச் வேலை செய்தால் தப்பித்தார். வயர் அறுந்திருந்தால் பிரேக் ஒரு பக்கம் பிடிக்க மோட்டார் மறுபக்கம் தள்ளும். மழையும் உப்புக்காற்றும் இருக்கும் ஊரில் இந்த சுவிட்ச் சீக்கிரம் பச்சை பிடித்துவிடுகிறது. கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் வண்டியின் கனெக்டரை வருடக்கணக்கில் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

சோதிப்பது சுலபம். வண்டியை நடு ஸ்டாண்டில் போடுங்கள். சாவி திறந்து மெதுவாக முறுக்கி, பின் சக்கரம் சுற்றும்போது பிரேக்கை லேசாகத் தொடுங்கள். சக்கரத்துக்கு விசை அறுந்துவிட வேண்டும். இடது கைப்பிடி, வலது கைப்பிடி இரண்டிலும் பாருங்கள். அறவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

அப்புறம் ஒரு ரகசியம், எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். 25-இல் நிற்கும் வண்டிகளில் சிலவற்றில் வேகக் கட்டுப்பாடு என்பது கன்ட்ரோலரிலிருந்து வரும் ஒரே ஒரு வயர். அதைக் கழற்றிவிட்டால் 40 வரை போகும். கஸ்டமர் "வண்டி ஏறவே மாட்டேங்குது" என்று திட்டுவார், கடைக்காரர் கழற்றச் சொல்வார். பிரேக்கும் டயரும் ஃபோர்க்கும் 25-க்குச் செய்தவை. வேகம் இரட்டித்தால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. கழற்றிய நிமிடமே அது பாலிசி அண்ணன் சொன்ன விலக்குக்கு வெளியே போய்விடுகிறது. சட்டப்படி பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம், ஓட்டுபவருக்கு அது தெரியாது. வெட்டவெளியில் ஓட்டிப் பாருங்கள். மீட்டரை நம்பாமல் போனில் ஜி.பி.எஸ். வேகத்தைப் பாருங்கள். 30-க்கு மேல் காட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

கெடிலக்கரையான்:

கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள். தயவு செய்து அந்த வண்டியில் சில்வர் பீச் வராதீர்கள். பாண்டியிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். அரியாங்குப்பம் தாண்டியதும் பஸ்சும் லாரியும் போகும் வேகத்துக்கு நடுவில் 25-இல் போகும் வண்டி நகரும் தடை. இங்கே மெதுவாகப் போவதுதான் ஆபத்து. பின்னால் வருபவன் நம்மை நிற்கும் வண்டி என்று நினைத்துத்தான் கடைசி நொடியில் ஒடிப்பான். திரும்பும்போது இருட்டிவிடும், பேட்டரி ஒரு கோட்டில் நிற்கும், பாதி வழியில் தள்ளிக்கொண்டு வரும் குடும்பங்களைக் கன்னியக்கோவில் பக்கம் பார்த்திருக்கிறேன். பிளேட் இல்லாத வண்டிகளில் சிலவற்றுக்குப் பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் மட்டும்தான், விளக்குக் கூட மங்கல்.

லாஸ்பேட்டைவாசி:

சில்வர் பீச் பட்டியலிலிருந்து எடுத்தாயிற்று. ஆரோவில், செரினிட்டி?

ஸ்பானர்_செல்வா:

செரினிட்டி போக ஈ.சி.ஆரில் வடக்கே போய்த் தந்திராயன்குப்பத்துக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். ஆரோவில்லுக்குப் பெரிய முதலியார்சாவடியில் இடது பக்கம், போகும்போது சுலபம், வரும்போது வலது திருப்பம். சென்னையிலிருந்து வரும் கார்கள் அங்கே குறைக்காது. முறுக்கினால் உடனே எகிறும் வண்டி இல்லை இது, இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் சாலையைக் கடக்கவே நேரம் எடுக்கும். இறங்கித் தள்ளிக் கடப்பது வெட்கமில்லை. சாவியை மூடிவிட்டுத் தள்ளுங்கள்.

மிஷன்வீதித்_தாத்தா:

ஓட்டுபவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நடப்பவன் ஒருத்தன் இருக்கிறேன்.

எனக்கு எழுபத்தெட்டு வயது. காது பாதி. மோட்டார் சைக்கிள் வந்தால் முதுகுத்தண்டே சொல்லிவிடும், ஒதுங்கிக்கொள்வேன். இது பூனை நடை. தோளை உரசிக்கொண்டு போன பிறகுதான் தெரிகிறது. மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், காலை ஏழரை வரை நிம்மதி. ஆனால் அந்த நேரத்தில் உள்ளே போக முடியாத வண்டி எல்லாம் டூமாஸ் வீதியிலும் ரோமன் ரோலண்ட் வீதியிலும் சுற்றுகிறது. ஒருவழிப் பலகை எதையும் பார்ப்பதில்லை. மஞ்சள் சுவரைக் கண்டால் நடுவீதியில் நிறுத்திப் படம். செயலியில் திறந்து எடுக்கும் சைக்கிள்களை ஓட்டி முடித்ததும் நடைபாதை நடுவில் சாய்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கைத்தடி வைத்திருப்பவன் சாலையில் இறங்கித்தான் சுற்ற வேண்டும்.

இது ஹெல்மெட்டுக்காகவே அரசியல் நடந்த ஊர். 2019 பிப்ரவரியில் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி சாலையில் இறங்கி ஹெல்மெட் போடாதவர்களை நிறுத்தினார், முதல்வர் நாராயணசாமி கறுப்புச் சட்டையோடு ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாஸ் வாசலில் உட்கார்ந்தார். தலைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

சுஃப்ரேன்வீதிப்_பேரன்:

தாத்தா வணக்கம். நான் இப்போது பாரிஸ் புறநகரில். நீங்கள் சொல்வதைத்தான் இங்கேயும் ஊரே சொன்னது. நின்றுகொண்டு ஓட்டும் வாடகை மின் ஸ்கூட்டர்கள் இங்கே சுமார் பதினைந்தாயிரம் இருந்தன. 2021-இல் ஒரு பெண் அடிபட்டு இறந்த பிறகு பல பகுதிகளில் வேகத்தை 10 கிலோமீட்டருக்கு இறக்கினார்கள், வண்டியே ஜி.பி.எஸ். பார்த்து அந்த வீதியில் தானாக வேகம் குறையும். அதுவும் போதவில்லை. 2023 ஏப்ரலில் மக்களிடம் வாக்கெடுப்பு, வாக்களித்தவர்களில் 89 சதவீதம் வேண்டாம் என்றார்கள், செப்டம்பர் முதல் தேதியிலிருந்து தெருவில் ஒன்று கூட இல்லை. வாக்களிக்க வந்தவர்கள் பத்தில் ஒருவர் கூட இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆண்டு மெல்போர்னும் மாட்ரிட்டும் அதே வழி.

சக்கரம்77:

அப்போ இங்கேயும் தடை போடச் சொல்கிறீர்களா தம்பி?

சுஃப்ரேன்வீதிப்_பேரன்:

இல்லை அண்ணா. பாரிஸில் தடை செய்தது நின்று ஓட்டும் அந்த ஒரு வகையைத்தான். உட்கார்ந்து மிதிக்கும் வாடகை மின்சைக்கிள்கள் இன்னும் ஓடுகின்றன. அங்கே நகராட்சி வாடகைக் கம்பெனிகளைக் கூப்பிட்டு எத்தனை வண்டி, எங்கே நிறுத்தலாம், எந்த வீதியில் என்ன வேகம் என்று கேட்க முடிந்தது. பாண்டியில் பிளேட் இல்லாத வண்டி எத்தனை ஓடுகிறது என்று யாரிடம் கேட்பது?

பாலிசி_பாண்டியன்:

தம்பி கேட்டதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. பதிவான இருசக்கர வண்டிகளை வாடகைக்கு விட 1997-இல் ஒரு திட்டம் வந்தது. உரிமம் வாங்க வேண்டும், குறைந்தது ஐந்து வண்டி இருக்க வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும், போக்குவரத்துத் துறை வந்து பார்க்கலாம். 2018-இல் பேட்டரி வாடகை வாகனங்களுக்குப் பெர்மிட் வேண்டாம் என்று மத்திய அரசு தளர்த்தியது, ஆனாலும் பதிவும் இன்சூரன்ஸும் அப்படியே. பிளேட் இல்லாத வண்டி இது எதிலுமே வராது. மோட்டார் வாகனமே இல்லாததற்கு மோட்டார் வாகன வாடகைத் திட்டம் எப்படிப் பொருந்தும்?

அந்த விலக்கு எதற்காக இருக்கிறது? தன் வீட்டு வண்டியில் மார்க்கெட்டுக்கும் டியூஷனுக்கும் போகிறவர்களுக்காக. அவர்களுக்கு வண்டியின் ஒவ்வொரு கடகட சத்தமும் தெரியும், தெருவின் ஒவ்வொரு பள்ளமும் தெரியும். முன்பின் தெரியாத வண்டியை முன்பின் தெரியாத ஊரில் ஓட்ட, தினம் பல பேரிடம் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் தொழிலுக்கு அதே விலக்கு எப்படிச் சரியாகும்? வண்டிக்கு விலக்கு இருக்கட்டும், அதை வாடகைக்கு விடும் கடைக்கு நகராட்சியாவது ஒரு உரிமம் வைக்கலாம். ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் பெரிய எண், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரேக் சோதனைச் சீட்டு, பொதுப் பொறுப்புக் காப்பீடு. மூன்றும் இருந்தால் தாத்தாவை உரசிய வண்டியின் எண்ணையாவது சொல்ல முடியும்.

சக்கரம்77:

உரிமம் வந்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன், எழுதிக் கொடுக்கிறேன். அடுத்த கடையும் வாங்க வேண்டும், அதுதான் என் கவலை. ஆனால் காப்பீடு போட்டால் வாடகை ஏறும். ஏறினால் இதே சுற்றுலாக்காரர்கள் "என்னங்க இவ்வளவு" என்பார்கள்.

வெள்ளைக்கோட்டு:

சொல்லட்டும் அண்ணா. ஒரு எக்ஸ்ரே எடுத்தால் தெரியும் எது அதிகம் என்று.

கெடிலக்கரையான்:

செல்வா அண்ணே, பேட்டரி முதல் ஆபத்து இல்லை என்றீர்கள். வேலூரில் 2022 மார்ச்சில் வீட்டில் சார்ஜ் போட்ட வண்டி எரிந்து அப்பாவும் மகளும் இறந்தார்களே?

ஸ்பானர்_செல்வா:

மறக்க முடியுமா? அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில் கீழே பேட்டரி வண்டி ஷோரூம், மேலே லாட்ஜ். தீ பிடித்து எட்டுப் பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் பேட்டரி பரிசோதனை விதிகளை மத்திய அரசு கடுமையாக்கி, 2022 டிசம்பரில் ஒரு பகுதி, 2023 மார்ச் கடைசியில் மீதி என்று கொண்டு வந்தது. அதற்கு முன் செய்த பேட்டரிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

நான் சொல்ல வந்தது, ஓட்டும்போது எரிவது அபூர்வம். சார்ஜ் போடும்போதுதான் பெரும்பாலும் கவனம் வேண்டும். ஆகவே வாடகைக்கு எடுத்தவர் பேட்டரியைக் கழற்றி லாட்ஜ் அறைக்குள், அதுவும் வாசல் பக்கம், சார்ஜ் போட வேண்டாம். தீ வாசலில் இருந்தால் எங்கே ஓடுவீர்கள்? ஓட்டி வந்த சூட்டோடும் சொருகக் கூடாது. கடையிலேயே சார்ஜ் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். விலை குறைந்த வண்டிகளில் ஈய-அமில பேட்டரியும் உண்டு. அது லித்தியம் மாதிரி எரியாது, ஆனால் கனம். பின்னால் அவ்வளவு எடை இருக்கும் வண்டி மணலில் சறுக்கும் விதமே வேறு.

இந்த ஊருக்கென்றே ஒரு ஆபத்து இருக்கிறது, இதை யாரும் கேட்பதில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை, ரெயின்போ நகர், கிருஷ்ணா நகரெல்லாம் படகு விட்டார்கள். சீட் வரை மூழ்கிய பேட்டரி வண்டிகள் எத்தனை. துடைத்துக் காயவைத்தால் ஓடும், ஆனால் உள்ளே புகுந்த தண்ணீர் செல்களுக்கு நடுவே அரித்துக்கொண்டே இருக்கும். உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் 2022 புயலில் கடல்நீரில் முங்கிய மின்சாரக் கார்கள் நாட்கள் கழித்துத் தானாக எரிந்தன. இங்கே முங்கிய வண்டிகள் குறைந்த விலைக்குக் கைமாறின, எங்கே போயின என்று எனக்கு ஓரளவு தெரியும், நான் சொல்ல மாட்டேன். சீட்டுக்கு அடியில் பேட்டரிப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சேற்றுக் கோடு, பச்சைத் துரு, வீங்கிய பெட்டி, இனிப்பு மாதிரி ஒரு கெட்ட வாடை, எது இருந்தாலும் வேண்டாம்.

மிஷன்வீதித்_தாத்தா:

நல்ல பிள்ளையப்பா நீ. அந்தக் கடைகளின் பெயரைச் சொல்லியிருந்தால் இன்னும் நல்ல பிள்ளை.

நெறியாளர்:

கடைப் பெயர்கள் வேண்டாம். அடுத்தடுத்து அதைக் கேட்டு வந்த பதிவுகளை எடுத்துவிட்டேன். குடித்துவிட்டு ஓட்டுவது பற்றிய சண்டையைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே பாலிசி_பாண்டியன் சொன்ன ஒரு விஷயம் மட்டும் இங்கே: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற வரம்பு எழுதியிருக்கும் பிரிவு மோட்டார் வாகனத்துக்கானது. பிளேட் இல்லாத வண்டிக்கு அது நேராகப் பொருந்தாது என்பதைக் குடிக்க அனுமதி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சென்னைச்சுற்றுலா:

நாங்கள் மறுபடி வருகிறோம், இந்த முறை பச்சைப் பிளேட்தான். மூன்று வயதுக் குழந்தையை முன்னால் நிற்க வைத்துக்கொள்ளலாமா?

பாலிசி_பாண்டியன்:

கூடாது. 2022-இல் வந்து 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் விதி: நான்கு வயதுக்குக் கீழ் குழந்தை என்றால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை வேண்டும், குழந்தைக்கு அளவான ஹெல்மெட் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. குழந்தை பின்னால்தான்.

வெள்ளைக்கோட்டு:

முன்னால் நிற்கும் குழந்தையின் வாய் சரியாக ஹேண்டில் பார் உயரத்தில் இருக்கும். வேறு எதுவும் சொல்லவில்லை.

லாஸ்பேட்டைவாசி:

அண்ணனிடம் இழையை அனுப்பினேன். ஒருமணி நேரம் படித்தாராம். முடிவு இப்படி: அண்ணனும் அண்ணியும் மஞ்சள் எழுத்து வண்டி ஒன்று, ஹெல்மெட் சேலத்திலிருந்தே எடுத்து வருகிறார்கள். ஆரோவில்லுக்கு ஆட்டோ பேசியாயிற்று. பையனுக்கு மிதிவண்டி, அதுவும் ஒயிட் டவுனுக்குள் மட்டும். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். செல்வா அண்ணா, வண்டி எடுக்கும் அன்று உங்கள் கடைக்குக் கொண்டு வரலாமா? பார்த்துச் சொல்வதற்கு என்ன வாங்குவீர்கள்?

ஸ்பானர்_செல்வா:

கொண்டு வாருங்கள், காசு வேண்டாம். காலை ஒன்பதுக்கு முன்னால் வாருங்கள், அப்புறம் ஆள் வந்துவிடும். பகலில் எடுக்கும்போதே விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் போட்டுப் பாருங்கள். நாலு பக்கமும் வீடியோ எடுத்து, பிரேக் கைப்பிடி எவ்வளவு தூரம் வருகிறது என்பதையும் அதிலேயே காட்டிவிடுங்கள்.

சக்கரம்77:

ரசீதில் வண்டி எண்ணையும் எடுத்த நேரத்தையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தராத கடை என்றால் என் கடைக்கு வாருங்கள். விளம்பரம் என்று நெறியாளர் எடுத்துவிட்டால் எடுக்கட்டும்.